எச்சத்தில் ஒளிந்திருக்கும் ரகசியம்: ஜீனத் புலியை மகாராஷ்டிராவில் இருந்து ஒடிசாவுக்கு கொண்டு போனது ஏன்?

2024 டிசம்பர் மாதம். ஒடிசாவின் சிமிலிபால் புலிகள் காப்பகத்தில் இருந்து ஜீனத் என்ற மூன்று வயது பெண் புலி வெளியே கிளம்பியது. முதலில் ஜார்க்கண்ட், அங்கிருந்து மேற்கு வங்கம். மூன்று மாநில வனத்துறையும் இரவு பகலாகப் பின்தொடர்ந்தன. ஊருக்குள் புலி வந்துவிட்டதாக கிராமங்களில் பதற்றம். கடைசியில் டிசம்பர் 29ஆம் தேதி மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மீண்டும் சிமிலிபாலுக்கே கொண்டு வந்தார்கள்.

டிவியில் இந்தக் காட்சிகளைப் பார்த்த பலருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்காது. ஜீனத் சிமிலிபாலில் பிறந்த புலியே கிடையாது. மகாராஷ்டிராவின் தடோபா காட்டில் இருந்து வண்டியில் ஏற்றி, ஒரு மாதத்துக்கு முன்புதான் அங்கே கொண்டு வரப்பட்டிருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னால் யமுனா என்ற இன்னொரு பெண் புலியும் அதே தடோபாவில் இருந்து வந்து சேர்ந்தது.

சிமிலிபாலில் ஏற்கெனவே புலிகள் இருக்கின்றன. அப்புறம் ஏன் இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரத்தில் இருந்து புலிகளைக் கொண்டு வர வேண்டும்?

பதில் புலிகளின் மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுவைப் படிக்க விஞ்ஞானிகளுக்குப் பெரும்பாலும் உதவியது, காட்டுப் பாதையில் புலி போட்டுவிட்டுப் போகும் எச்சம்.

சிமிலிபாலில் அப்படி என்ன பிரச்னை?

சிமிலிபால் 'கருப்புப் புலி'களுக்குப் பேர் போன காடு. உண்மையில் இவை முழுக்க கருப்பு கிடையாது. உடம்பில் இருக்கும் கருப்புக் கோடுகள் அகலமாகி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, மஞ்சள் நிறத்தை மூடிவிடுவதால் அப்படித் தெரிகின்றன.

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இதற்கான காரணத்தை 2021இல் வெளியிட்டார்கள். டாக்பெப் என்ற ஒரு மரபணுவில், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அவ்வளவுதான். அப்பா, அம்மா இரண்டு பேரிடம் இருந்தும் அந்த மாறிய பிரதி குட்டிக்கு வந்தால், குட்டி கருப்பாகப் பிறக்கும். வீட்டுப் பூனைகளில் கோடுகள் திட்டுத் திட்டாக மாறுவதற்கும் இதே மரபணுதான் காரணம்.

இங்கேதான் விஷயம் கவலைக்குரியதாகிறது. நாட்டின் மற்ற காடுகளில் உள்ள புலிகளை சோதித்தபோது, இந்த மாற்றம் எங்குமே தென்படவில்லை. சிமிலிபாலுக்கு வெளியே இது இருந்தது சில உயிரியல் பூங்காக்களில் மட்டுமே. சென்னை வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் அதில் ஒன்று. அந்தப் பூங்காப் புலிகளின் வம்சத்தைத் தேடிப் போனால், அதுவும் சிமிலிபாலில்தான் போய் முடிகிறது.

வேறு எங்குமே இல்லாத ஒரு மாற்றம், ஒரே காட்டில் மட்டும் இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? வெளியில் இருந்து அங்கே புலிகள் வருவதில்லை. உள்ளே இருக்கும் சில புலிகளின் வம்சமே திரும்பத் திரும்பப் பெருகியிருக்கிறது. ஒடிசா அரசு 2023-24இல் நடத்திய கணக்கெடுப்பில், மாநிலத்தில் இருந்த 30 புலிகளில் 27 சிமிலிபாலில் இருந்தன. அதில் 13 கருப்புப் புலிகள். அதாவது கிட்டத்தட்ட பாதி.

பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால், அந்தக் காடு தனித் தீவாகிவிட்டது என்பதற்கு அந்தக் கருப்புக் கோடுகளே சாட்சி.

சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் என்ன ஆகும்?

'நெருங்கிய ரத்த சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம்' என்று டாக்டர்கள் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். அதே கணக்குதான் இங்கேயும்.

ஒவ்வொரு உயிரின் மரபணுவிலும் சில குறைகள் இருக்கும். அப்பாவிடம் இருந்து ஒரு பிரதி, அம்மாவிடம் இருந்து ஒரு பிரதி வருவதால், ஒன்றில் குறை இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆனால் இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்றால், ஒரே குறை இரண்டு பக்கமும் இருந்து வர வாய்ப்பு அதிகம். அப்போது அந்தக் குறை வெளியே வந்துவிடும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு நேரடி உதாரணம் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தில் வாழும் பாந்தர் என்ற காட்டுப் பூனை இனம், 1990களின் தொடக்கத்தில் வெறும் 20 முதல் 30 வரையாகக் குறைந்துபோனது. வால் நுனி வளைந்து பிறந்தன. இதயக் கோளாறு வந்தது. ஆண்களில் விரை கீழே இறங்காமல், இனப்பெருக்கமே பாதிக்கப்பட்டது. 1995இல் டெக்சாஸில் இருந்து எட்டு பெண் பூமாக்களைக் கொண்டு வந்து விட்டார்கள். அவற்றுக்குப் பிறந்த குட்டிகளில் இந்தக் குறைகள் குறைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது.

இந்தியாவில் ராஜஸ்தானின் ரந்தம்பூர் புலிகள் மீதும் இதே கவலை இருக்கிறது. 2021இல் வெளியான மரபணு ஆய்வு, தனியாக ஒதுங்கிப்போன அந்தக் கூட்டத்தில் நெருங்கிய உறவுக் கலப்பின் தடயங்கள் அதிகம் இருப்பதைக் காட்டியது. புலிகள் அடியோடு அழிந்துபோன சரிஸ்கா காப்பகத்துக்கு 2008இல் முதலில் கொண்டு போனதும் இதே ரந்தம்பூர் புலிகளைத்தான்.

எச்சத்தில் இருந்து எப்படி மரபணு கிடைக்கும்?

புலியைப் பிடித்து ரத்தம் எடுப்பது சாதாரண வேலையில்லை. அதனால் விஞ்ஞானிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

புலியின் குடல் வழியாக எச்சம் வெளியேறும்போது, குடல் சுவரின் செல்கள் அதன் மேல் பகுதியில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த செல்களுக்குள் புலியின் டிஎன்ஏ இருக்கும். காட்டுப் பாதைகளில் நடந்து, எச்சத்தைத் தேடி, மேல் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துப் பத்திரப்படுத்தி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மரத்தில் உரசும்போது ஒட்டிய முடியும் உதவும்.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான்:

முதல் வேலை, அது புலியா சிறுத்தையா என்று உறுதி செய்வது. இரண்டின் எச்சமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிஎன்ஏ பொய் சொல்லாது.

இரண்டாவது, எந்தப் புலி என்று கண்டுபிடிப்பது. டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது புலிக்குப் புலி மாறும். இப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஆதார் எண் மாதிரி ஒவ்வொரு புலிக்கும் தனி அடையாளம் கிடைத்துவிடும். ஆணா பெண்ணா என்பதும் தெரியும்.

மூன்றாவது, அந்தப் புலி எந்தக் காட்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது. சென்னையில் ஒருவர் பேசுவதைக் கேட்டே, 'நீங்க திருநெல்வேலியா?' என்று கேட்டுவிடுகிறோம் இல்லையா? அதே மாதிரி, ஒவ்வொரு காட்டுப் புலிக் கூட்டத்துக்கும் மரபணுவில் ஒரு தனிச் சாயல் உண்டு. பென்ச் காட்டில் கிடைத்த எச்சத்தில் கன்ஹா சாயல் இருந்தால், அந்தப் புலி கன்ஹாவில் இருந்து நடந்து வந்தது என்று சொல்லலாம். இரண்டு சாயலும் கலந்திருந்தால், அதன் அப்பாவோ அம்மாவோ வெளியூர்.

ஜிபிஎஸ் காலர் போட்டாலே போதாதா?

காலர் போட்டால் புலி எங்கே போகிறது என்று தெரியும். ஆனால் ஒரு காடும் இன்னொரு காடும் உண்மையிலேயே இணைந்திருக்கின்றனவா என்று கேட்டால், அதற்கு மட்டும் காலர் பதில் சொல்லாது.

இதற்கு நல்ல உதாரணம் 'வாக்கர்' என்று அழைக்கப்பட்ட ஆண் புலி. மகாராஷ்டிராவின் திப்பேஷ்வர் சரணாலயத்தில் இருந்து 2019இல் கிளம்பிய இந்தப் புலி, மாதக்கணக்கில் வயல், ஊர், சாலை எல்லாம் தாண்டி, சுமார் 1,300 கிலோமீட்டர் நடந்து ஞானகங்கா சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காலரில் அந்தப் பயணம் முழுக்கப் பதிவானது. ஆனால் ஞானகங்காவில் அதற்கு ஜோடியாக ஒரு பெண் புலிகூட இல்லை.

நடந்தது சாதனைதான். ஆனால் அதன் மரபணு புதிய காட்டில் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை என்றால், அந்த இரண்டு காடுகளும் மரபணுக் கணக்கில் இன்னும் துண்டாகவே இருக்கின்றன. போனதா என்பதைக் காலர் சொல்லும். போய்க் குடும்பம் நடத்தியதா என்பதை மரபணு சொல்லும்.

தவிர, காலர் சில புலிகளுக்குத்தான் போட முடியும். எச்சம் நூற்றுக்கணக்கான புலிகளின் கதையைச் சொல்லும்.

மத்திய இந்தியாவில் கண்டுபிடித்தது என்ன?

மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா எல்லையில் சாத்புரா, மைக்கல் மலைத்தொடர்கள் இருக்கின்றன. கன்ஹா, பென்ச், சாத்புரா, மேல்காட் என நான்கு பெரிய புலிகள் காப்பகங்கள் இங்கே உள்ளன. இடையில் காட்டு வழித்தடங்கள். ஆனால் அந்த வழித்தடங்களுக்குள் ஊர்கள், வயல்கள், ரயில் பாதை, நெடுஞ்சாலை, சுரங்கம் எல்லாமே இருக்கின்றன.

இந்த நான்கு காடுகளிலும் சேகரித்த மாதிரிகளில் இருந்து 273 புலிகளை அடையாளம் கண்ட ஒரு ஆய்வு 2013இல் வெளியானது. சந்தீப் சர்மா, திரிஷ்ணா தத்தா உள்ளிட்டோர் இதைச் செய்தார்கள். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு இங்குள்ள புலிகள் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரியத் தொடங்கின என்றும், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு காடுகள் துண்டாடப்பட்டபோது அது வேகம் எடுத்தது என்றும் மரபணு காட்டியது.

நல்ல செய்தியும் இருந்தது. காட்டு வழித்தடத்தால் இணைக்கப்பட்ட காப்பகங்களுக்கு இடையேதான் மரபணுப் பரிமாற்றம் இன்றும் மிக அதிகமாக நடக்கிறது. வரைபடத்தில் பச்சைக் கோடாக மட்டும் இருந்த வழித்தடங்கள், உண்மையிலேயே புலிகள் பயன்படுத்தும் பாதைகள்தான் என்பதற்கு இது ஆதாரம்.

அதே 2013இல் வெளியான இன்னொரு ஆய்வு ஆறு காடுகளில் இருந்து 55 புலிகளை எடுத்துக்கொண்டது. புலிகள் 650 கிலோமீட்டர் வரைகூட இடம்பெயர்ந்திருப்பது அதில் தெரிந்தது. கிட்டத்தட்ட சென்னையில் இருந்து கன்னியாகுமரி வரை போகிற தூரம்!

அந்த ஆய்வில் வந்த முக்கியமான முடிவு வேறு. இரண்டு காடுகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது புலிக்குப் பெரிய தடை இல்லை. நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் தடை. மனிதக் குடியிருப்புகளும், சாலைகளின் நெருக்கமும் புலியை நிறுத்திவிடுகின்றன.

தடையை எப்படி அளக்கிறார்கள்?

இதற்கு மின்சாரக் கணக்கைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மின்சாரம் தடை குறைவான கம்பியில் அதிகம் பாயும். அதே மாதிரி, நிலப்பரப்பை சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை மதிப்பு கொடுப்பார்கள். அடர்ந்த காடு என்றால் குறைவு. வயல் என்றால் கொஞ்சம் அதிகம். வாகனங்கள் ஓயாமல் ஓடும் நான்கு வழிச்சாலை, ஊர், நகரம் என்றால் மிக அதிகம்.

அந்தத் தடைகளை எல்லாம் கூட்டி வரும் கணக்கும், புலிகளுக்கு இடையே உள்ள மரபணு வித்தியாசமும் எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். அப்போது எது உண்மையான தடை என்பது ஊகமாக இல்லாமல் கணக்காகவே கிடைத்துவிடும்.

எல்லா விலங்குக்கும் தடை ஒரே மாதிரி இருப்பதில்லை. மத்திய இந்தியாவில் புலி, சிறுத்தை, கரடி, காட்டுப்பூனை ஆகிய நான்கையும் ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில், மனிதப் பயன்பாட்டால் அதிகம் பாதிக்கப்பட்டது புலிதான். காட்டுப்பூனைக்கு பாதிப்பு குறைவு. வயலோரத்திலேயே அது வாழ்ந்துவிடும்.

இதனால் சாலைகள் மாறியிருக்கின்றனவா?

மாறியிருக்கின்றன. அதற்கு உதாரணம், தமிழ்நாட்டு மக்களுக்கும் நன்கு தெரிந்த சாலைதான். கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரும் தேசிய நெடுஞ்சாலை 44. அதே சாலை வடக்கே நாக்பூர் - சிவ்னி இடையே பென்ச் காட்டை ஒட்டி, கன்ஹா - பென்ச் வழித்தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது.

இதை நான்கு வழியாக அகலப்படுத்தும் திட்டம் பல ஆண்டுகள் இழுபறியில் இருந்தது. சாலை வேண்டும் என்பதும் நியாயம், புலி கடக்க வழி வேண்டும் என்பதும் நியாயம். கடைசியில், விலங்குகள் கடக்கும் இடங்களில் சாலையைத் தூண்கள் மீது உயர்த்தி, அடியில் வழி விடுவது என்று முடிவானது. மகாராஷ்டிரா பகுதியில் மட்டும் இப்படி ஒன்பது அமைப்புகள் கட்டப்பட்டன. சில 50 மீட்டர் அகலம், பெரியது 750 மீட்டர் அகலம்.

கட்டினால் புலி வருமா என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது. 2019இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் கேமரா வைத்துக் கண்காணித்தது. 18 வகையான விலங்குகள் அடியில் கடந்தன. 11 புலிகள், மொத்தம் 89 முறை, அந்த வழியைப் பயன்படுத்தியிருந்தன. மேலே லாரி போகிறது. கீழே புலி போகிறது.

வண்டியில் ஏற்றிக் கொண்டு போவது சுலபம் இல்லையா?

கேட்க சுலபமாகத் தெரியும். அனுபவம் வேறு மாதிரி.

அதே ஒடிசாவில் சத்கோசியா காப்பகத்துக்கு 2018இல் மத்தியப் பிரதேசத்தில் இருந்து மகாவீர், சுந்தரி என்ற இரண்டு புலிகள் கொண்டு வரப்பட்டன. சில மாதங்களிலேயே மகாவீர் இறந்து கிடந்தது. சுந்தரியால் உயிரிழப்பு ஏற்பட்டதாகச் சொல்லி கிராம மக்கள் கொந்தளித்தார்கள். பிடித்துக் கூண்டில் வைக்கப்பட்ட சுந்தரி, 2021இல் மத்தியப் பிரதேசத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

புதிய இடத்தில் விடப்பட்ட புலிக்கு அந்தக் காடு தெரியாது. அங்கே வாழும் மக்களுக்கும் அந்தப் புலி தெரியாது. ஜீனத் மூன்று மாநிலம் சுற்றியதும் இதனால்தான் பெரிய செய்தியானது. வழித்தடம் நன்றாக இருந்தால், இளம் ஆண் புலிகள் தாயைப் பிரியும் வயதில் தானாகவே அடுத்த காட்டைத் தேடிப் போய்விடும். ஒரு தலைமுறைக்கு ஒரு புலி வெளியில் இருந்து வந்து குடும்பம் நடத்தினாலே, மரபணுப் பன்முகத்தன்மையை ஓரளவு காப்பாற்றலாம் என்பது உயிரியலில் உள்ள பொதுவான கணக்கு.

ஆனால் வழித்தடம் என்பது ஆள் இல்லாத இடம் கிடையாது. கன்ஹா - பென்ச் வழித்தடத்தில் பைகா, கோண்டு பழங்குடி மக்கள் உட்பட ஏராளமானோர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களின் மாடு செத்தால் உடனே இழப்பீடு கிடைக்க வேண்டும். இரவில் வயலுக்குப் போக பயம் இருக்கக் கூடாது. அவர்கள் ஒத்துழைப்பு இல்லாமல் எந்தப் புலியும் 200 கிலோமீட்டர் உயிரோடு கடக்க முடியாது.

இந்த முறையில் குறையே இல்லையா?

இருக்கிறது. மழை, வெயில் பட்டால் எச்சத்தில் உள்ள டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். சேகரித்த எல்லா மாதிரியும் பலன் தராது.

பெரிய சிக்கல் இன்னொன்று. மரபணு மெதுவாகத்தான் பேசும். இன்று ஒரு வழித்தடத்தை அடைத்தால், அதன் பாதிப்பு மரபணுவில் தெரிய சில தலைமுறைகள் ஆகும். அதாவது, இன்று எச்சத்தில் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று வந்தால், அது நேற்று வரை இருந்த காட்டைப் பற்றிய செய்தி. நேற்று போட்ட சாலையைப் பற்றி அது இன்னும் எதுவும் சொல்லியிருக்காது.

அதனால்தான் விஞ்ஞானிகள் கணினியில் அடுத்த 100 ஆண்டுகளை ஓட்டிப் பார்க்கிறார்கள். மத்திய இந்தியாவில் 2018இல் செய்யப்பட்ட அப்படிப்பட்ட ஆய்வு, திட்டமிடாத வளர்ச்சி தொடர்ந்தால் புலிகள் சில காடுகளில் அழிந்துபோகும் வாய்ப்பு வெகுவாகக் கூடும் என்று எச்சரித்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன பாடம்?

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரியாக 3,682 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 306. 2006இல் இங்கே இருந்தது 76தான். எண்ணிக்கையில் இது பெரிய வெற்றி.

மரபணு ரீதியாக, தென்னிந்தியப் புலிகள் மத்திய இந்தியப் புலிகளில் இருந்து வேறுபட்ட தனிக் கூட்டம் என்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுமலையும் சத்தியமங்கலமும் பந்திப்பூர், நாகர்ஹோளே, வயநாடு காடுகளோடு தொடர்ந்து இணைந்திருப்பதால், அங்கே புலிகள் நடமாட இடம் இருக்கிறது. முதுமலையில் இருந்து பந்திப்பூர் வழியாகப் போகும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை இருப்பதும் இந்த நடமாட்டத்துக்காகத்தான்.

தெற்கே வர வர கதை மாறுகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காடு கணவாய். மேகமலைக்கும் களக்காடு முண்டந்துறைக்கும் நடுவே செங்கோட்டை கணவாய். இவை இயற்கையான இடைவெளிகள்தான். ஆனால் இன்று அவற்றில் ஊர், ரயில், நெடுஞ்சாலை எல்லாம் நிறைந்திருக்கின்றன.

'புலி எத்தனை?' என்பது ஒவ்வொரு முறை கணக்கெடுப்பு முடிவு வரும்போதும் கேட்கப்படும் கேள்வி. அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்க வேண்டும்: 'அந்தப் புலி பக்கத்துக் காட்டுக்குப் போக வழி இருக்கிறதா?' 27 புலிகள் இருந்தும் சிமிலிபாலுக்கு வெளியில் இருந்து ஜீனத்தும் யமுனாவும் தேவைப்பட்டன. வழி அடைபட்டால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதைத்தான் அந்த இரண்டு புலிகளின் பயணம் காட்டுகிறது.